ஒரு வரியில் விழும் கிளெய்ம்

நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த அப்பாவை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் டியூட்டி டாக்டர் கேட்கிறார்: “சுகர், பிரஷர் உண்டா? எத்தனை வருஷமா?” மகன் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறான். “இருக்கு டாக்டர், ஒரு பத்து வருஷமா இருக்கும்” என்கிறார் அம்மா. ஐந்து வருஷமா, பத்தா என்று கணக்குப் பார்க்கும் நேரமா அது? டாக்டர் அதை அப்படியே கேஸ் ஷீட்டில் ஒரு வரியாக எழுதிவிட்டு சிகிச்சையைக் கவனிக்கப் போய்விடுகிறார். ஸ்டென்ட் வைத்து, உயிர் பிழைத்து, வீட்டுக்குக் கிளம்பும் நாளில் கேஷ்லெஸ் மறுக்கப்பட்டதாகத் தகவல் வருகிறது. நகையை அடகு வைத்துப் பில்லைக் கட்டுகிறார்கள். பிறகு பணத்தைக் கேட்டு விண்ணப்பித்தால் கடிதம் வருகிறது. பாலிசி எடுத்து நான்கு வருஷம்தான் ஆகிறது, நோயோ பத்து வருஷமாக இருக்கிறது, முன்மொழிவுப் படிவத்தில் அதை மறைத்துவிட்டீர்கள், ஆகவே கிளெய்ம் நிராகரிக்கப்படுகிறது.

மருத்துவக் காப்பீட்டு வழக்குகளைப் புரட்டுகிற எவரும் இந்த வரியைத் திரும்பத் திரும்பச் சந்திப்பார்கள். ஊர் வேறு, நோய் வேறு, கம்பெனி வேறு. வரி மட்டும் மாறுவதில்லை.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட 2023-24 ஆண்டறிக்கையின்படி, அந்த ஓராண்டில் மருத்துவக் காப்பீட்டில் வழங்கப்பட்ட தொகை சுமார் 83,000 கோடி ரூபாய். பாலிசி நிபந்தனைகளைக் காட்டிக் கழித்ததும், முழுதாக மறுத்ததும் சேர்ந்து சுமார் 26,000 கோடி. அந்த 26,000 கோடியும் அநியாயமாகப் பிடித்துவைத்த பணம் என்று சொல்ல மாட்டேன். போலி பில்கள் உண்டு, பாலிசியில் இல்லாததைக் கேட்பவர்களும் உண்டு. ஆனால் நியாயமான கிளெய்மும் அந்தக் குவியலுக்குள் கிடக்கிறது என்பதற்கு நுகர்வோர் ஆணையங்களின் தீர்ப்புகளே சாட்சி. கடிதம் வந்தவுடன் ‘பெரிய கம்பெனியை எதிர்த்து நம்மால் என்ன செய்ய முடியும்’ என்று மடித்து பீரோவில் வைத்துவிடுகிறவர்கள்தான் ஏராளம். தீர்ப்புகளைப் படித்தால் சட்டம் பெரும்பாலும் பாலிசிதாரரின் கையைப் பிடிக்கவே முயல்வது தெரிகிறது. அவர் தோற்பது படிவத்தில், காலக்கெடுவில், யோசிக்காமல் போட்ட கையெழுத்தில்.

மறைத்ததா, தெரியாததா?

காப்பீடு என்பது முழு நம்பிக்கையின் மேல் எழுதப்படும் ஒப்பந்தம். கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்வது வாங்குபவரின் கடமை. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒருவர் மறைத்தார் என்று குற்றம் சாட்டினால், நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டுகிற கம்பெனிக்கு. இதை நம்மில் பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டு, ‘எனக்கு நோய் இருக்கவில்லை என்று நான் எப்படி நிரூபிப்பேன்’ எனக் கலங்குகிறார்கள். கேஸ் ஷீட்டில் உள்ள ‘பத்து வருஷமாக’ என்பது பதற்றத்தில் உறவினர் சொன்ன பேச்சு. அதை எழுதிய டாக்டரின் பிரமாணப் பத்திரம் எங்கே? பாலிசி எடுப்பதற்கு முன்பு சிகிச்சை பெற்றதைக் காட்டும் மருந்துச் சீட்டோ ரத்தப் பரிசோதனை அறிக்கையோ எங்கே? இப்படித் தேசிய நுகர்வோர் ஆணையம் பல வழக்குகளில் கம்பெனிகளைக் கேட்டிருக்கிறது.

2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது. ஆந்திராவைச் சேர்ந்த ஒருவர் ரயில் விபத்தில் இறந்துபோனார். வேறு கம்பெனிகளில் வைத்திருந்த ஆயுள் பாலிசிகளை அவர் சொல்லவில்லை என்று கூறி, மகளுக்குச் சேர வேண்டிய பணத்தைக் கம்பெனி மறுத்தது. அந்தப் பழைய பாலிசிகளுக்கு ஆதாரமாகக் கம்பெனி கொடுத்தது ஓர் அட்டவணை. அதை மெய்ப்பிக்கத் தகுந்த சாட்சியம் இல்லை. அட்டவணை போதாது, சந்தேகத்தின் பலன் பாலிசிதாரருக்கே என்று நீதிமன்றம் மகள் பக்கம் தீர்ப்பளித்தது. 2025 பிப்ரவரியில் இன்னொரு தீர்ப்பு. இறந்தவர் தமது 40 லட்ச ரூபாய் பாலிசியைப் படிவத்தில் சொல்லியிருந்தார். சில சிறிய பாலிசிகளை விட்டுவிட்டார். பெரியதைச் சொன்னவர் சிறியதை விட்டது கம்பெனியின் முடிவை மாற்றியிருக்காது என்று கூறி, 25 லட்ச ரூபாயை மகனுக்குக் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். 2015-ல் வந்த தீர்ப்பு ஒன்றையும் வழக்கறிஞர்கள் விடாமல் மேற்கோள் காட்டுவார்கள். முதுகெலும்புத் தேய்மானத்தைச் சொல்லாத ஒருவர் மாரடைப்பில் இறந்தார். இறப்புக்குச் சம்பந்தமில்லாத நோயைச் சொல்லாதது கிளெய்மை மறுக்கக் காரணமாகாது என்று முடிவானது.

இவற்றை மட்டும் படித்துவிட்டு நம்பிக்கையோடு கிளம்புகிறவர்கள் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நாள்பட்ட சர்க்கரை நோயும் சிறுநீரகச் செயலிழப்பும் இருந்தும் ‘நல்ல உடல்நலம்’ என்று எழுதிய வழக்கில், 2009-ல் உச்ச நீதிமன்றம் கம்பெனி பக்கம் நின்றது. 2019-ல் குஜராத் வழக்கு ஒன்றில், இரண்டு மாதம் முன்பு வேறு கம்பெனியில் எடுத்த 11 லட்ச ரூபாய் பாலிசியைச் சொல்லாததே கிளெய்மை மறுக்கப் போதுமான காரணம் என்றது. அந்த வழக்கில் மனைவியின் தரப்பு எழுப்பிய வாதம்தான் நம் வீடுகளில் எல்லாம் நடக்கிற கதை. ஆங்கிலப் படிவம், ஏஜென்ட் நிரப்பினார், கணவர் கையெழுத்து மட்டும் போட்டார் என்றார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. கையெழுத்திட்டவர் அதில் உள்ளதற்குப் பொறுப்பு.

என் கணிப்பில் இந்த வழக்குகளின் நடு நரம்பு இதுதான். ஏஜென்ட் நம் சொந்தக்காரராகவோ பக்கத்து வீட்டு அண்ணனாகவோ இருப்பார். “இதெல்லாம் எழுதினா பிரீமியம் ஏத்திடுவாங்க சார், விடுங்க” என்பார். நம் நன்மைக்குச் சொல்வதாகவே நினைப்போம். இப்போது அதற்கும் வழியில்லாமல், தொலைபேசியில் பேசுகிற பெண் கேள்விகளை மளமளவென்று படித்து ‘இல்லை’ ‘இல்லை’ என்று தானே தட்டிக்கொண்டு போய், கடைசியில் ஓ.டி.பி. கேட்கிறார். அந்த எண்தான் நம் கையெழுத்து. நான்கு வருஷம் கழித்து, படித்தே பார்க்காத ஒரு படிவம் நமக்கு எதிரான முதல் ஆவணமாக வந்து நிற்கிறது. பாலிசி கைக்கு வந்ததும் அதோடு இணைத்திருக்கும் முன்மொழிவுப் படிவத்தின் நகலை ஒரு முறை வரி வரியாகப் படிக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். தவறாக இருந்தால் எழுத்தில் திருத்தம் கேட்கலாம். பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் பாலிசியைத் திருப்பிக் கொடுக்கலாம். முன்பு 15 நாளாக இருந்த அவகாசம் 2024-ல்தான் 30 ஆனது.

சொன்ன உண்மை நம்மைக் காப்பாற்றும் என்பதற்கும் வழக்கு இருக்கிறது. அமெரிக்கப் பயணத்துக்குப் பாலிசி எடுத்தவர் தமக்குச் சர்க்கரை நோய் உள்ளதை எழுதியிருந்தார். கம்பெனி மருத்துவப் பரிசோதனையும் செய்து பாலிசி கொடுத்தது. அவர் சான்பிரான்சிஸ்கோவில் இறங்கியதுமே மாரடைப்பு வந்தது. கம்பெனி கையை விரித்தது. நோய் தெரிந்தே பாலிசி கொடுத்துவிட்டு, அதே நோயைக் காட்டிப் பின்னர் மறுக்க முடியாது என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது.

காலமும் பாலிசிதாரருக்குத் துணை. 1938-ம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தில் 45-வது பிரிவு 2015-ல் திருத்தப்பட்டது. ஆயுள் பாலிசி மூன்று ஆண்டுகளைக் கடந்துவிட்டால், எந்தக் காரணம் சொல்லியும் அதைக் கேள்விக்குள்ளாக்க முடியாது. மூன்று ஆண்டுக்குள் மறுத்தாலும், மோசடி இல்லாத வெறும் தவறான தகவல் என்றால் கட்டிய பிரீமியத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மருத்துவ பாலிசியில் இந்தப் பாதுகாப்புக் காலம் எட்டு ஆண்டாக இருந்தது, 2024 ஏப்ரல் முதல் 60 மாதமாகக் குறைந்திருக்கிறது. அதற்குப் பிறகு, மோசடியை நிரூபித்தால் ஒழிய, ‘சொல்லாமல் விட்டீர்கள்’ என்ற வாதம் எடுபடாது. இங்கே ஒரு கண்ணி உண்டு. ஆயுள் பாலிசி காலாவதியாகி மீண்டும் உயிர்ப்பித்தால், மூன்று ஆண்டுக் கணக்கு உயிர்ப்பித்த நாளிலிருந்து மறுபடி தொடங்கும்.

காலாவதி என்று சொன்னதும் ஒரு வழக்கைச் சொல்லத் தோன்றுகிறது. எல்.ஐ.சி. பாலிசி வைத்திருந்தவர் அரையாண்டுப் பிரீமியத்தைத் தவறவிட்டிருந்தார். 2012 மார்ச் 6-ம் தேதி விபத்தில் சிக்கினார். மூன்று நாள் கழித்து பிரீமியம் கட்டப்பட்டது, விபத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அந்த மாதமே அவர் இறந்துவிட்டார். அடிப்படைத் தொகை குடும்பத்துக்குக் கிடைத்தது. விபத்துக்கான கூடுதல் தொகையை எல்.ஐ.சி. மறுத்தது சரியே என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஏஜென்ட்டிடம் பிரீமியத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு 1997-ம் ஆண்டின் தீர்ப்பு இன்னும் கடுமையானது. பிரீமியம் வசூலிக்க அதிகாரம் இல்லாத ஏஜென்ட்டிடம் கொடுத்த பணம் எல்.ஐ.சி.யிடம் கொடுத்ததாக ஆகாது என்றது நீதிமன்றம். சம்பளத்தில் பிடித்தம் செய்யும் அலுவலகம் கட்டத் தவறினால் கதை வேறு. அலுவலகமே எல்.ஐ.சி.யின் முகவர் போலத்தான் என்று 1999-ல் தொழிலாளியின் குடும்பத்துக்குச் சாதகமாக முடிவானது.

கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்

மருத்துவமனைக் கவுன்டரில் “இன்சூரன்ஸ்ல ரிஜெக்ட் ஆயிடுச்சு” என்று வாயால் சொல்வார்கள். மொபைலில் இரண்டு வரி குறுஞ்செய்தி வரும். அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. காரணத்தையும் பாலிசியின் எந்த நிபந்தனை என்பதையும் குறிப்பிட்டு, எழுத்தில் மறுப்புக் கடிதம் தரக் கம்பெனி கடமைப்பட்டது. இடையில் கோப்பைப் பார்க்கும் டி.பி.ஏ. நிறுவனத்துக்குக் கிளெய்மை மறுக்கும் அதிகாரமே இல்லை. 2024 மே மாதச் சுற்றறிக்கையின்படி, கம்பெனிக்குள் இருக்கும் மறுபரிசீலனைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் மருத்துவக் கிளெய்ம் எதையும் நிராகரிக்கக் கூடாது. அந்தக் குழு பார்த்ததா, எப்போது பார்த்தது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் முடிவு, டிஸ்சார்ஜ் நேரத்தில் மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் என்பதும் அதே சுற்றறிக்கைதான்.

இந்தக் கடிதத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ஏனென்றால் கம்பெனி அதற்குக் கட்டுப்பட்டது. கடிதத்தில் ஒரு காரணம் சொல்லிவிட்டு, வழக்குப் போட்டதும் ‘தகவல் தாமதமாக வந்தது’ ‘இந்த ஆவணம் தரவில்லை’ என்று புதுக் காரணங்களை அடுக்க முடியாது. 2019-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதி அமர்வு இதைத் தீர்மானமாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே கடிதத்தில் உள்ள காரணம் எதுவோ, வழக்கு அதன் மேல்தான் நிற்கும். புகார் எழுதுபவர் அந்தக் காரணத்தை முதலில் வெட்ட வேண்டும். மருத்துவமனையில் பட்ட துன்பத்தைப் பத்துப் பக்கம் எழுதிவிட்டு, மறுப்புக் காரணத்துக்கு ஒரு வரி பதில் சொல்லாத மனுக்களை வழக்கறிஞர்கள் வேதனையோடு குறிப்பிடுவார்கள்.

முழு மறுப்பைவிட அதிகம் நடப்பது வெட்டு. மூன்று லட்சம் பில்லுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் வரும். அறை வாடகை வரம்பைத் தாண்டியதால் மற்றவற்றையும் அதே விகிதத்தில் குறைத்தோம் என்பார்கள். மருந்து, பொருத்தப்படும் கருவி, பரிசோதனை, ஐ.சி.யு. கட்டணம் ஆகியவற்றில் இப்படி விகிதாசாரம் போட்டுக் குறைக்கக் கூடாது என்று 2020-லேயே விதி வந்துவிட்டது. கணக்கைப் பிரித்துக் கேட்பவருக்கு மட்டும் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கிறது. புதுப்பிக்கும்போது சத்தமில்லாமல் புதிய உச்சவரம்பைச் செருகுவதும் செல்லாது. பல்லாண்டாகப் புதுப்பித்துவந்த பாலிசியில் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு வரம்பு வைத்துவிட்டு, அதைப் பாலிசிதாரரிடம் தெரிவிக்காதது சேவைக் குறைபாடு என்று 2021-ல் கேரள வழக்கு ஒன்றில் தீர்ப்பானது.

குறைத்துக் கொடுக்கும்போது ‘முழுத் திருப்தியோடு பெற்றுக்கொண்டேன்’ என்ற டிஸ்சார்ஜ் வவுச்சரை நீட்டுவார்கள். கையெழுத்திட்டால்தான் அந்தப் பணமும் வரும் என்ற நிலை. வவுச்சரில் கையெழுத்திட்டதாலேயே வழக்குரிமை போய்விடாது, வற்புறுத்தலிலோ ஏமாற்றியோ வாங்கினார்கள் என்று காட்டினால் மிச்சத்தைக் கேட்கலாம் என்று 1999-லிருந்தே சட்டம் இருக்கிறது. ஆனால் அதைக் காட்ட நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும். ‘எதிர்ப்புடன் பெறுகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திடலாம். விடமாட்டார்கள் என்றால், பணம் வந்த அன்றைக்கே ‘மிச்சத் தொகைக்கான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை’ என்று மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து நினைவுக்கு வந்து எழுதினால் நம்ப மாட்டார்கள்.

இறப்புக் கிளெய்மில் இதைவிட நோகவைக்கும் ஒரு கட்டம் உண்டு. பாலிசி எடுத்த மூன்று ஆண்டுக்குள் மரணம் என்றால் விசாரிக்க ஆள் வருவார். துக்க வீட்டில் உட்கார்ந்து ஆறுதலாகப் பேசுவார். “ஒரு ஃபார்மாலிட்டிதான்மா” என்று தாளை நீட்டுவார். எழுதாத தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, நகல் வாங்கிக்கொண்டுதான் கையெழுத்திட வேண்டும். கணவரின் உடல்நலம் பற்றிச் சரியாகத் தெரியாததைத் தெரியாது என்றே சொல்லலாம்.

லாரி, கடை, வெள்ளத்தில் நின்ற கார்

சத்தீஸ்கரில் ஒருவரின் லாரி திருடுபோனது. பிரீமியம் சரியாகக் கட்டியிருந்தார், போலீஸில் புகார் கொடுத்தார், காப்பீட்டுக் கம்பெனிக்கும் சொன்னார். பதிவுச் சான்றிதழின் சான்றளித்த நகலைக் கொண்டுவா என்றது கம்பெனி. அசல் லாரியோடு போய்விட்டது. திருட்டுப் புகார் பதிவானதால் கணினியில் விவரம் பூட்டப்பட்டிருக்கிறது, நகல் தர முடியாது என்றது ஆர்.டி.ஓ. அலுவலகம். பாலிசி கொடுக்கும்போது அதே சான்றிதழைப் பார்த்த கம்பெனிதான், இப்போது அதைக் காட்டாததால் பணம் இல்லை என்றது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் கம்பெனியைக் கண்டித்தது. பாலிசிதாரரால் கொண்டுவரவே முடியாத ஆவணத்தைக் கேட்டு கிளெய்மை முடக்கக் கூடாது என்று சொல்லி, 12 லட்ச ரூபாயை வட்டியோடு கொடுக்க உத்தரவிட்டது. இந்த ஒரு விஷயத்துக்கு அந்த மனிதர் டெல்லி வரை போக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் கோபம் வருகிறது.

திருட்டு வழக்கில் கம்பெனிகள் வழக்கமாக எடுக்கும் இன்னோர் ஆயுதம் தாமதம். போலீஸில் உடனே புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னது மட்டுமே மறுக்கக் காரணமாகாது என்று 2020 ஜனவரியில் மூன்று நீதிபதிகள் முடித்துவைத்துவிட்டார்கள். பாலிசி நிபந்தனையை ஓரளவு மீறியிருந்தாலும், அது இழப்புக்கு அடிப்படையானது இல்லையென்றால் 75 சதவீதம் வரை கொடுக்கச் சொல்லும் தீர்ப்புகளும் தொடர்ந்து வந்திருக்கின்றன. வழக்கறிஞர்கள் ‘நான்-ஸ்டாண்டர்டு’ என்று சொல்வது இதைத்தான்.

கடைக்காரர்களுக்கு ஒரு செய்தி. அடித்தளத்தில் இருந்த கடைக்குத் தீ காப்பீடு கொடுத்தார்கள். ஆய்வு செய்தே கொடுத்தார்கள். தீப்பிடித்ததும், ‘அடித்தளத்துக்குப் பாலிசி பொருந்தாது’ என்று ஒரு விதிவிலக்கைக் காட்டினார்கள். பாலிசியின் நோக்கத்தையே அழிக்கிற விதிவிலக்கு செல்லாது, அதை விளக்கிச் சொல்லாதது நியாயமற்ற வணிக நடைமுறை என்றது 2022 நவம்பர் தீர்ப்பு. ‘வியாபாரத்துக்காக எடுத்த பாலிசி, நீங்கள் நுகர்வோரே அல்ல’ என்ற வாதமும் 2023-ல் விழுந்தது. இழப்பை ஈடுகட்ட எடுப்பது காப்பீடு, அதில் லாபம் பார்க்கும் நோக்கம் இல்லை.

சர்வேயர் அறிக்கைதான் இறுதி என்று பயமுறுத்துவார்கள். அது ஒரு சான்று, அவ்வளவுதான். நம் தரப்பு மதிப்பீட்டைக் கொடுத்து அதை எதிர்க்கலாம். முதல் சர்வேயர் எழுதியது பிடிக்கவில்லை என்று, வேண்டிய அறிக்கை வரும்வரை கம்பெனி அடுத்தடுத்து ஆட்களை நியமிக்கவும் முடியாது. நாம் செய்ய வேண்டியது, சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குவது.

சென்னைக்காரர்கள் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலிலும் கற்ற பாடம் தனி. தண்ணீரில் நின்ற காருக்குச் சாதாரண விரிவான பாலிசியிலேயே இழப்பீடு உண்டு. ஆனால் தண்ணீரில் நிற்கும்போது சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்தால், எஞ்சினுக்குள் நீர் ஏறி இறுகிப்போகும். அந்தச் சேதம் வெள்ளத்தால் வந்ததா, ஸ்டார்ட் செய்ததால் வந்ததா என்று சண்டை தொடங்கும். எஞ்சினுக்குத் தனிப் பாதுகாப்பு எடுக்காதவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்டார்ட் செய்யாமல், நீர் நின்ற உயரத்தோடு படம் எடுத்துவிட்டு, இழுவை வண்டியில் கொண்டுபோவது பிற்பாடு வழக்கில் பேசும்.

எந்தக் கதவு?

கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு முதலில் எழுத வேண்டும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்ச ரூபாய் வரை அதிகாரம். ஆவணங்கள் முழுதாகக் கிடைத்த மூன்று மாதத்தில் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். நமக்குத் திருப்தியில்லை என்றால் நாம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வரிசை முக்கியம். ஏற்கனவே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் ஆம்புட்ஸ்மேன் கதவு மூடிவிடும். மறுப்பு வந்த ஓராண்டுக்குள் அவரிடம் போக வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கேள்வி ஆவணத்தளவில் தீர்ந்துவிடும் என்றால் ஆம்புட்ஸ்மேன் நல்ல வழி. மறைத்தாரா இல்லையா என்று சாட்சியத்தைத் தோண்ட வேண்டிய வழக்கு, மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேட்கும் வழக்கு என்றால் நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பெரிய சலுகை உண்டு, அதிகம் பேர் அறியாதது. எந்த ஆணையம் என்பதைத் தீர்மானிப்பது கேட்கும் தொகை அல்ல, நாம் கட்டிய தொகை. ஒரு கோடி ரூபாய் டேர்ம் பாலிசிக்கான வழக்கையும், கட்டிய பிரீமியம் 50 லட்சத்தைத் தாண்டாதவரை, மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். மும்பையில் தலைமையகம் இருந்தாலும், நாம் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்தில் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. ‘இ-ஜாக்ரிதி’ இணையதளத்தில் பதிவு செய்யலாம், காணொலி விசாரணை கேட்கலாம். நாமே வாதாடலாம்.

இன்னொரு கதவு மக்களுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. நிரந்தர மக்கள் நீதிமன்றம். காப்பீடு சட்டப்படி பொதுப் பயன்பாட்டுச் சேவை. ஆகவே ஒரு கோடி ரூபாய் வரையான பிணக்கை அங்கே கொண்டுபோகலாம். சமரசம் வராவிட்டால் அதுவே தீர்ப்பும் சொல்லும். அதற்கு மேல்முறையீடு இல்லை, உயர் நீதிமன்ற ரிட் மட்டுமே. வேகம் வேண்டுமென்றால் நல்லது. தோற்றால் அடுத்த வாய்ப்பு குறுகிவிடும் என்பதை யோசித்துத்தான் போக வேண்டும்.

அரசு ஊழியர்களின் கதை தனி. புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் போகிறது. அவசரத்தில் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்ந்தால் பணம் மறுக்கப்படுகிறது. உயிர் போகும் நேரத்தில் பட்டியலைப் பார்த்துக்கொண்டா சேர்ப்பார்கள் என்ற கேள்வியை ஏற்று, பட்டியலில் இல்லை என்பதை மட்டும் காரணமாக்கக் கூடாது எனச் சென்னை உயர் நீதிமன்றமும் அதன் மதுரைக் கிளையும் பல உத்தரவுகள் போட்டிருக்கின்றன. இருந்தும் ஒவ்வொருவரும் தனித்தனியாக ரிட் போட வேண்டியிருப்பது அரசே சரிசெய்ய வேண்டிய குறை. ஒருவருக்குக் கிடைத்த தீர்ப்பை அதே நிலையில் உள்ள எல்லோருக்கும் பொருத்த ஓர் அரசாணை போதும்.

இரண்டு ஆண்டு, 45 நாள்

நுகர்வோர் வழக்குக்கு இரண்டு ஆண்டு அவகாசம். இதில் தோற்கிறவர்களைப் பார்க்கத்தான் அதிகம் வருத்தமாக இருக்கிறது. வழக்கில் நியாயம் இருக்கும், தேதி போயிருக்கும். கம்பெனிக்கு நினைவூட்டல் எழுதிக்கொண்டே இருந்தால் காலக்கெடு நீளும் என்று நினைக்கிறார்கள். நீளாது. ஆந்திராவில் 1988-ல் தீக்கிரையான புகையிலைக் கிடங்குக்காகப் பல ஆண்டு கழித்து வழக்குப் போட்டவரின் மனு, கடிதப் போக்குவரத்து காலக்கெடுவைப் புதுப்பிக்காது என்று 2009-ல் தள்ளுபடியானது. தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதை நம்பி இருக்க வேண்டாம்.

கம்பெனிக்கும் காலக்கெடு இருக்கிறது. பதிலுரை தாக்கல் செய்ய 30 நாள், அதற்கு மேல் 15 நாள். மொத்தம் 45 நாளைத் தாண்டி ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று 2020 மார்ச்சில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு கூறியிருக்கிறது. அந்த வழக்கில் கம்பெனித் தரப்பு ஒரு பொதுத் துறைக் காப்பீட்டு நிறுவனம். 45 நாள் கடந்தும் பதிலுரை வரவில்லை என்றால், அதை ஏற்கக் கூடாது என்று எழுந்து சொல்ல வேண்டியது நாம்தான்.

மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிற வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடக்கின்றன. வாய்தா மேல் வாய்தா. தலைவர் ஓய்வு பெற்றால் அடுத்தவர் வரும்வரை ஆணையம் முடங்கிக் கிடக்கும். இந்தக் காலியிடங்களை உச்ச நீதிமன்றமே 2021-ல் தானாக முன்வந்து விசாரிக்க வேண்டியிருந்தது. மாவட்டத்தில் ஜெயித்தால் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு. கம்பெனி மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்ட வேண்டும் என்பது புதிய சட்டத்தில் வந்த நல்ல ஏற்பாடு. பணம் தராமல் இழுத்தால் நிறைவேற்று மனு போடலாம். உத்தரவை மதிக்காதவர்களுக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 72-வது பிரிவு இருக்கிறது. அந்த மனுவைப் போட்டவுடன் காசோலை தயாராகிவிடும் என்பது ஆணையங்களில் வாதாடுகிறவர்களின் அனுபவம்.

மன உளைச்சலுக்காகக் கிடைக்கும் தொகை பெரும்பாலும் சில ஆயிரங்கள், எப்போதாவது லட்சத்தைத் தொடும். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து அறுவை சிகிச்சைக்குப் பணம் கட்டியவருக்கு அது ஈடே அல்ல. அடகுக் கடை வட்டி ரசீதுகளைப் பாதுகாத்து வைத்துச் சான்றாகக் கொடுத்தால், வட்டியையாவது கூடுதலாகக் கேட்கலாம். கிளெய்மைத் தாமதப்படுத்திய காலத்துக்கு வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீத வட்டி கொடுக்க வேண்டும் என்பது ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியே.

எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. பாலிசியின் சாரத்தைச் சொல்லும் வாடிக்கையாளர் தகவல் தாளை, கேட்டால் உள்ளூர் மொழியில் தர வேண்டும் என்று 2024-ல் விதி வந்துவிட்டது. கேட்டால் மட்டும் என்பதை எடுத்துவிட்டு, முன்மொழிவுப் படிவத்தையும் தமிழில் நிரப்பித் தமிழில் கையெழுத்திடும்படி கட்டாயமாக்க வேண்டும். வழக்கில் முதல் ஆவணமாக வரப்போகும் தாளை, கையெழுத்திடுபவர் படிக்க முடியாத மொழியில் வைத்திருப்பது நியாயமில்லை. அதுவரை செய்யக்கூடிய ஒன்று உண்டு. படிவத்தின் மொழி தெரியாதவர் கையெழுத்திடும்போது, ‘இவருக்கு எல்லாவற்றையும் அவர் மொழியில் விளக்கினேன்’ என்று இன்னொருவர் ஒப்பமிடும் சான்று கீழே இருக்கும். நிராகரிக்கப்பட்ட கிளெய்மின் கோப்பைக் கையில் எடுத்ததும் அந்தச் சான்றைத் தேடுங்கள். அது காலியாக இருந்தால் அதையே மனுவில் எழுதுங்கள். ஒப்பம் இருந்தால், போட்டவர் யார், எந்தக் கேள்வியை எப்படி விளக்கினார் என்று பிரமாணப் பத்திரம் தரச் சொல்லி ஆணையத்திடம் மனு கொடுங்கள்.